கலப்புச் செம்பனை நாற்று

மலேசியாவின் பேரா மாநிலத்தில், கோலா கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது செம்பனை நாற்றங்கால். பேராவில் எத்தனையோ தோட்டங்களில் ரப்பரை அழித்த இடத்தில் வந்த மரம் செம்பனை.

கறுப்புப் பைகளில் வரிசையாய் நிற்கும் நாற்றுகள் எல்லாம் கலப்பு. தாய் டூரா, கொட்டையின் ஓடு தடித்தது. தந்தை பிசிபெரா, அதற்கு ஓடே கிடையாது. பெரும்பாலும் காயும் பிடிக்காது, மகரந்தத்துக்காகவே வளர்ப்பார்கள். இரண்டுக்கும் பிறப்பது டெனெரா: மெல்லிய ஓடு, கூடுதல் சதை, கூடுதல் எண்ணெய். ஓட்டின் தடிப்பை ஒரே மரபணு ஆள்கிறது என்று பெல்ஜியக் காங்கோவின் ஆய்வாளர்கள் 1941இல் எழுதினார்கள். டெனெராவின் விதையையே நட்டால் மூன்று வகையும் கலந்து முளைக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் டூராவின் பெண்பூங்கொத்துக்குப் பை கட்டி, அந்நிய மகரந்தம் அண்டாமல் காத்து, பிசிபெராவின் மகரந்தத்தைக் கையால் தூவ வேண்டும். எவ்வளவு பொறுமையான வேலை!

விற்பனைக்கு வருவது முளைவிட்ட விதை. முதல் 3 மாதம் சின்னப் பை, நிழல். பிறகு பெரிய பை, வெயில். ஏறக்குறைய 12 மாதத்தில் தோட்டத்துக்குப் போகும். ஓலை விரியாததையும் குட்டையாய் நின்றுவிட்டதையும் தேர்ந்த நாற்றங்கால்காரர் தயங்காமல் கழித்துவிடுவார். நடப்போகும் மரம் 25 வருஷம் காய்க்க வேண்டுமே.