கப்பலில் கட்டும் தாலி

2022 ஜூன் மாதம் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொடியசைத்து அனுப்பி வைத்தார். ஏறத்தாழ 800 அறைகள் கொண்ட கப்பல். அடுத்த ஆண்டே அது இலங்கைக்கும் போய் வந்தது. கப்பல் கல்யாணம் என்பது அதுவரை பத்திரிகையில் படம் பார்க்கிற சமாச்சாரம். இப்போது சென்னைவரை ரயிலேறினால் எட்டிவிடலாம். கடலே கண்ணில் படாத திண்டுக்கல் சமவெளியில், நூல் மில்லோ தோல் பதனிடும் ஷாப்போ வைத்திருக்கும் ஒரு வீட்டில் பையன் இந்த ஆசையைச் சொன்னால் பெரியவர்கள் என்ன பதில் சொல்ல வேண்டும்? "இதெல்லாம் நமக்கு ஆகாதுப்பா" என்பது பதில் ஆகாது. ஏன் ஆகாது என்று பார்க்க வேண்டும்.

மேலோட்டமான ஆட்சேபங்களை முதலில் கழித்துவிடலாம். ஓடுகிற கப்பலில் முகூர்த்த நேரம் கணிக்க முடியாது என்பார்கள். ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம். சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் மூன்று பாகை, ஆக 12 நிமிட வித்தியாசம். ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். ஜோசியருக்கு இதில் தலைவலியே இல்லை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதியில் விழுகிற வித்தியாசம் இதைவிடப் பெரியது. முகூர்த்தக்கால் ஊன்ற மண் வேண்டுமே என்றால், டைல்ஸ் தரை போட்ட மண்டபத்திலும் அது மணல் நிரப்பிய தகர டின்னில்தான் நிற்கிறது. அருந்ததியைப் பட்டப்பகலில் மண்டப வாசலில் காட்டி, மணப்பெண்ணும் தெரிகிறது என்று தலையாட்டுவதைவிட, இரவில் கப்பலின் மேல்தளத்தில் உண்மையாகவே காட்டிவிடலாம். அந்த வகையில் கப்பலுக்கே மதிப்பெண். கடல் பயணத்துக்குப் பெண்ணை உடன் அழைத்துப்போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் சொல்வதை யாராவது எடுத்துப் போட்டால், கண்டிக்கும் மலேயாவுக்கும் குடும்பத்தோடு போன நம் முன்னோர்களே அதை மீறியவர்கள்தான்.

அக்னி விஷயம் அப்படித் தள்ளக்கூடியது அல்ல. கப்பலில் திறந்த தீயைப் பொதுவாக அனுமதிப்பதில்லை; மெழுகுவர்த்திக்கே தடை போடும் நிறுவனங்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அந்தப் பயணிகள் போக்குவரத்தே அத்தோடு முடிந்தது. தீயின் முன் ஏழடி வைக்கும் சப்தபதி சேர்ந்த சடங்காக இருந்தால் ஏழாவது அடியில் திருமணம் முழுமை அடைகிறது என்கிறது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். அக்னி சாட்சி வேண்டும் என்கிற குடும்பத்துக்குக் கப்பல் அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் அதே சட்டம் இருவரில் ஒருவர் வீட்டு வழக்கப்படி நடந்தாலும் போதும் என்கிறது. ஓமம் வளர்க்காமல் தாலி கட்டும் சமூகங்கள் இந்தச் சமவெளியில் நிறைய. சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவும் தீயைக் கேட்கவில்லை. உறவினர் நண்பர் முன் மாலை மாற்றினாலே செல்லும்.

கேப்டன் கல்யாணம் செய்துவைப்பார் என்பது சினிமா கொடுத்த நம்பிக்கை. அதற்கான அதிகாரம் கப்பல் பறக்கவிடும் கொடியைப் பொறுத்தது. பிரிட்டிஷ் கொடியில் அது கிடையாது. குனார்ட் நிறுவனம் 2011இல் 'குயின் மேரி 2' உள்ளிட்ட தன் மூன்று கப்பல்களையும் பெர்முடா பதிவுக்கு மாற்றிய பிறகே அவற்றில் திருமணம் நடத்த முடிந்தது. நமக்கு இந்த வம்பே வேண்டாம். இந்துத் திருமணத்தைச் செல்லுபடியாக்குவது சடங்குதான், அதிகாரி அல்ல. கேப்டன் வந்து நின்றால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவே. சிக்கல் ஊர் திரும்பிய பிறகு பதிவு மேசையில் வரும். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கட்டாயப் பதிவுச் சட்டம் மாநிலத்துக்குள் நடக்கும் திருமணங்களுக்கானது. 'திருமணம் நடந்த இடம்' என்ற கட்டத்தில் வங்காள விரிகுடா என்று எழுதிக் கொடுத்தால் சார்பதிவாளர் நிமிர்ந்து பார்ப்பார். விவரம் தெரிந்தவர்கள் தாடிக்கொம்பிலோ பழநியிலோ முன்னாலேயே தாலி கட்டிக் கோயில் ரசீதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்துவிட்டால் கப்பலில் நடப்பது வரவேற்பு, கல்யாணம் அல்ல.

இவ்வளவும் தீர்க்கக்கூடியவை. தீராத ஒன்று மொய் மேசை. திண்டுக்கல், தேனி, மதுரை வட்டாரத்தில் அது கல்யாணத்தின் ஓரத்தில் இருக்கும் விஷயம் இல்லை. பாதிக் கல்யாணமே அதுதான். பந்தி முடிந்து கைகழுவியவர்கள் நேரே அங்கே வருவார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்க, பக்கத்தில் இருப்பவர் ஊர், தகப்பன் பெயர், தொகை என்று மஞ்சள் தடவிய நோட்டில் ஏற்றுவார். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் சீட்டே வருகிறது. எழுதுவது பழைய மொய்யா புது மொய்யா என்பதில் இருபது வருடக் கணக்கு இருக்கும். பெண்ணின் தகப்பன் ஊர் ஊராகச் செய்த முறையெல்லாம் அன்றைக்குத் திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்ப, யார் வேண்டுமானாலும் எந்நேரமும் வந்து போகிற வாசல் வேண்டும். நத்தத்திலிருந்து கடைசி நேரத்தில் வருபவருக்கும் இலை போட முடிய வேண்டும்.

கப்பலில் அது நடக்காது. பெயர் பட்டியல் முன்கூட்டியே மூடிவிடும். இருவருக்கு ஓர் அறை என்றால் 200 பேருக்கு 100 அறை, இரண்டு ராத்திரி. விருந்தாளிக்கு ஆகும் செலவு இலைக் கணக்கில் அடங்காமல் அறைக் கணக்காகிறது. ஐந்நூறு ரூபாய் மொய்யோடு வருகிறவரை அந்தத் தராசில் எப்படி வைப்பது? அழைத்தால் அவருக்குக் கூச்சம், அழைக்காவிட்டால் பகை. தாய்மாமன் சீரின் கதியும் இதுதான். தேங்காய், பழம், பட்டு, பஞ்சாமிர்தம் என்று தட்டு தட்டாக மேளத்தோடு வருகிற வரிசை துறைமுகத்தின் எக்ஸ்ரே பெட்டி முன்னால் நின்றுவிடும். வெளிச் சாப்பாட்டைக் கப்பல்கள் பொதுவாக ஏற்றுவதில்லை. நிலக்கோட்டை மல்லி நானூறு கிலோமீட்டருக்கு மேல் போய்க் கப்பலேறி மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு எந்த நிறத்தில் இருக்கும் என்பதைப் பூ கட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அது வலுவானது. மொய் என்பதே வட்டியில்லாக் கடன். அதில் மூழ்கிய குடும்பங்கள் உண்டு. ஆயிரம் பேருக்குச் சோறு போட்டு மூன்று வருடம் அடைப்பதைவிட, வேண்டியவர் ஐம்பது பேரோடு கடலில் இரண்டு நாள் நிம்மதியாக இருப்பது மேல் அல்லவா? ஒப்புக்கொள்கிறேன். 7ஏ பிரிவின்படி நடக்கும் திருமணத்தை ஊருக்கு அறிவித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஆனால் இந்த வாதம் சின்னக் கல்யாணத்துக்கானது, கப்பலுக்கானது அல்ல. ஐம்பது பேர் கல்யாணம் திண்டுக்கல் அபிராமியம்மன் கோயிலில் ஒரு காலைப் பொழுதில் முடியும். மிச்சமாகிற பணத்தைக் கப்பல் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எளிமையின் பெயரைச் சொல்லி ஆடம்பரம் செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆடம்பரம் என்றே சொல்லிச் செய்தால் ஆட்சேபமும் இல்லை.

பக்கத்து மதுரையில் 2021 மே 23 அன்று, கொரோனா முழு ஊரடங்குக்கு முந்தைய நாள், ஒரு ஜோடி வாடகை விமானத்தில் பறந்தபடி தாலி கட்டிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட உறவினர்கள் கூடவே. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரணைக்கு உத்தரவிட்டது, ஊழியர்கள் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அந்த மணமக்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் ஐம்பது பேர் வரம்பு இருந்த காலத்திலும் அவர்கள் உறவுக் கூட்டத்தை விட்டுவிட்டுப் பறக்கவில்லை, கூட்டத்தையே ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். கப்பலில் அதைச் செய்ய முழுக் கப்பலையும் எடுக்க வேண்டும்.

எடுக்க முடிந்தவர்கள் என்ன செய்தார்கள்? 2024 மே கடைசியில் அம்பானி குடும்பம் 'செலிப்ரிட்டி அசென்ட்' கப்பலில் இத்தாலியிலிருந்து பிரான்சுக்கு விருந்தினரை அழைத்துப் போனது. அது கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டம். கல்யாணம் ஜூலையில், மும்பையில், தரையில்.

ஆகவே என் முடிவு: பிள்ளைகள் கேட்டால் தேனிலவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கலாம். பாஸ்போர்ட் இருந்தால் இலங்கைவரை போய்வரட்டும். தாலியைத் திண்டுக்கல்லில் கட்டிவிட்டுப் போகட்டும்; கூட்டம் வேண்டுமென்றால் மண்டபத்தில், வேண்டாமென்றால் கோயிலில்.