குறுக்குத் துப்பாக்கிச் சின்னமும் நேதாஜி படையும்

நம் தோட்டங்களில் பழம்பொருள் ஒன்று கிடைத்தால், அதற்கு உடனே பெயர் சூட்டிவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. வாள் என்றால் ஜப்பானியன் விட்டுச் சென்றது. பித்தளைச் சின்னம் என்றால் நேதாஜி படையினருடையது. அண்மையில் எங்கள் வட்டாரத்தில் நடந்த பொருட்காட்சி ஒன்றில் அத்தகைய பித்தளைச் சின்னம் ஒன்றைக் கண்டேன். குறுக்காக அமைந்த இரு துப்பாக்கிகள். அவற்றின்மேல் ஒரு முடி. 'இந்திய தேசிய இராணுவ வீரர் பெற்ற பதக்கம்' என்று அதனடியில் எழுதியிருந்தனர். இக்குறிப்பு ஏற்கத்தக்கதன்று.

முதற்கண், அது பதக்கமே அன்று. பதக்கம் மார்பில் அணியப்படுவது. போரில் ஆற்றிய செயலுக்கோ பணிக்கோ அளிக்கப்படுவது. இதுவோ சட்டையின் கையில் பொருத்தப்படும் திறமைச் சின்னம். பிரிட்டிஷ் படையிலும், அதன் முறையைப் பின்பற்றிய இந்தியப் படையிலும், குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்தவன் இடது முன்கையில் குறுக்குத் துப்பாக்கிகளை அணிந்தான். குறுக்குக் கொடிகள் சைகை அனுப்புவோனுக்கு உரியவை. அவற்றை நாட்டுக் கொடிகள் என்று மயங்குவாரும் உண்டு. இலாடம் குதிரைக்கு இலாடம் அடிப்பவனைக் குறிக்கும். இலை வளையத்துள் 'எல். ஜி.' என்றிருந்தால் அவன் லூயிஸ் துப்பாக்கி இயக்கியவன். இவை அணிந்தவன் என்ன செய்யவல்லான் என்பதைச் சொல்லுமேயன்றி, எப்பட்டாளத்தான் என்பதைச் சொல்லமாட்டா.

அடுத்து, அந்த முடி. எந்த முடியாட்சியை வீழ்த்த வேண்டுமென்று 1943-இல் நேதாஜி சிங்கப்பூரில் படை திரட்டினாரோ, அம்முடியையே தம் வீரனின் கையில் சூட்டியிருப்பாரா? குறிப்பெழுதியவர் இதனை ஒரு கணம் எண்ணியிருக்கலாம்.

முடியின் வடிவம் காலத்தையும் காட்டும். வளைவுகள் உச்சியில் குழியாது உருண்டெழுந்தால் அது 1901 முதல் மன்னர்கள் ஆண்ட காலத்தது. 1952-இல் எலிசபெத் அரசியார் பட்டத்துக்கு வந்தபின், நடுவில் தாழ்ந்த வடிவம் படிப்படியாக இடம்பெற்றது. 2022-க்குப் பின் உருண்ட வடிவம் மீண்டு வந்துள்ளது என்பதையும் மறத்தலாகாது. பேழையில் இருந்தது உருண்ட முடி. தேய்மானத்தால் அது பழையது என்பதும் தெளிவு. ஆயின், 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தின் முதலாண்டுகளில் நம் காடுகளில் திரிந்த பிரிட்டிஷ் சிப்பாயும் இத்தகையதை இழந்திருக்கலாம். போருக்கு முந்திய கூட்டு மலாய் நாடுகளின் தொண்டர் படையினரும் இழந்திருக்கலாம்.

பொறுப்பாளரின் இசைவு பெற்றுச் சின்னத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் குழிந்து, முன்புறத்து உருவம் எதிர்மறையாகப் பதிந்திருந்தது. எனவே தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது. இந்தியக் கடைத்தெருக்களில் வார்த்தவை பெரும்பாலும் கனத்து, பின்புறம் கரடாயிருக்கும். இரு செப்பு வளையங்கள் இருந்தன. சட்டை வெளுப்புக்குப் போகும்போது முள்ளை உருவிக் கழற்றிக்கொள்ளும் ஏற்பாடு. செய்தோர் பெயரும் இல்லை. 'ஐ' எழுத்தின்மேல் அம்பு பொறித்த இந்திய அரசின் உடைமைக்குறியும் இல்லை. ஆகவே பிரிட்டிஷ் முறையில் செய்த திறமைச் சின்னம் என்பதற்கு மேல் அப்பொருளே எதையும் கூறவில்லை.

அதனை அளித்த குடும்பத்துப் பிள்ளை என் பள்ளியில் பயில்பவன். நான் சொன்னதைக் கேட்டு, "ஐயா, அப்படியென்றால் எங்கள் பூட்டன் நேதாஜி படையில் இல்லையா?" என்றான். பொருட்காட்சியார் செய்த பிழையின் விலை இக்கேள்விதான்! பால்மரக் காட்டிலிருந்து புறப்பட்டுப் போனவர். திரும்பியவர் தம் வீட்டாரிடம் கதையாகவே சொன்னவர். அச்சொல்லுக்குப் பொருந்தாத சான்றொன்றை ஒட்டிவிட்டால், சான்று பொய்க்கும்போது சொல்லும் பொய்போல் தோன்றிவிடுகிறது.

உண்மையில் சின்னம் அவர் கதையை மறுக்கவுமில்லை. 1942 பிப்ரவரி 17-இல் சிங்கப்பூர் ஃபேரர் பூங்காவில் திரட்டப்பட்ட 40,000-க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களுள் பலர் பின்னர் அப்படையில் சேர்ந்தனர். அவர்கள் முன்பு ஈட்டிய சின்னங்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையினவே. படைக்கு உடையும் துப்பாக்கியும் பெரும்பாலும் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற சேமிப்பிலிருந்தே வந்தன. தோட்டத்து இளைஞன் ஒருவன் கைக்கு இது தோழனிடமிருந்தோ கிடங்கிலிருந்தோ வந்திருக்கலாம். அணிந்தவன் வரலாறு வேறு, பொருளின் வரலாறு வேறு.

இதற்கு நேர்மாறான மயக்கமும் ஒன்றுண்டு. பாயும் புலியும் ஜெர்மன் எழுத்துகளும் உள்ள கைச்சின்னத்தை மலாயாவில் அணிந்ததாகச் சிலர் எழுதுகின்றனர். அது ஐரோப்பாவில் அமைந்த இந்தியப் படையணிக்கு உரியது. இங்குள்ளோர் கொண்ட மூன்று சொற்கள் ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொற்கள். சிங்கப்பூர்க் கடற்கரையில் அவற்றைப் பொறித்து எழுப்பிய நினைவுச் சின்னத்தை, 1945-இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தனர்.

பொருட்காட்சியார் குறிப்பை மாற்ற இசைந்துள்ளனர். நான் எழுதிக் கொடுத்தது இது: 'குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்தவர் அணியும் பிரிட்டிஷ் முறைக் கைச்சின்னம், முடியின் வடிவம் 1901-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. 1943-இல் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார் என்று குடும்பத்தார் கூறும் தோட்டத் தொழிலாளி ஒருவரின் வெற்றிலைப் பெட்டியில் இருந்தது.'