வாய்ச்சொல்லும் கெஜட்டும்

எமர்ஜென்சி பற்றிப் பேச்சு வந்தால் அப்பா ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்வார். "பேப்பர் தினம் வந்துச்சுப்பா. ஆனா அதுல சேதி இல்ல." மகாராஜபுரம் டீக்கடையில் தினமணியை ஆள் மாற்றி ஆள் வாசித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, மழை பற்றிப் பேசிக்கொண்டு போவார்களாம். யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் பற்றி நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகம் அத்வானி சொன்னது. குனியச் சொன்னால் நீங்கள் தவழ்ந்தீர்களே என்று அவர் பத்திரிகையாளர்களைப் பார்த்துக் கேட்டார். நல்ல அடி. ஆனால் அந்த வாசகத்தில் ஒரு குறை இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. தவழ்ந்தவர்கள் யாரென்று அது சொல்கிறது. குனியச் சொன்னது யார், எந்த வார்த்தையில், எந்தத் தேதியில் என்று சொல்வதில்லை.

இந்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்து வாசித்தேன். ஒன்று, பிரசாந்த் பூஷண் 1978-இல் எழுதிய 'தி கேஸ் தட் ஷுக் இந்தியா'. இந்திரா காந்தி மீது ராஜ் நாராயண் போட்ட தேர்தல் வழக்கின் கதை. மற்றது ஷா கமிஷன் அறிக்கை. ஆட்சி மாறியதும் பார்வையிலிருந்து மறைந்துபோன அறிக்கை அது. தன்னிடம் இருந்த பிரதியை வைத்து 2010-இல் அதை மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தவர் நம் இரா.செழியன். அவர் செய்த பல வேலைகளில் இதுதான் பெரியது என்று சொல்வேன்.

இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்று நீதிமன்ற நாடகம், இன்னொன்று அத்துமீறல்களின் பட்டியல். சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

ஒரு பதிலும் ஒரு தேதியும்

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். இந்திராவின் ரேபரேலி வெற்றி செல்லாது, ஆறு வருடம் தேர்தலில் நிற்கக் கூடாது. பெரிய ஊழல் எதுவும் அதில் நிரூபிக்கப்படவில்லை. மாநில அரசு அதிகாரிகள் மேடை போட்டுக் கொடுத்தது ஒரு காரணம். மற்றது யஷ்பால் கபூர் விவகாரம்.

கபூர் பிரதமர் அலுவலகத்தில் சிறப்புப் பணி அலுவலர். 1971 ஜனவரி 13-இல் ராஜினாமா கொடுத்தார். தேர்தல் வேலை பார்த்தார். அவர் ராஜினாமா 14-ஆம் தேதியிலிருந்து ஏற்கப்பட்டதாகச் சொல்லும் கெஜட் அறிவிக்கை ஜனவரி 25-இல்தான் வந்தது. நடுவில் இருந்த நாட்களில் அவர் அரசு ஊழியரா இல்லையா? பிரதமரின் செயலராக இருந்த பி.என்.ஹக்சர் சாட்சி சொன்னார்: 13-ஆம் தேதியே நான் வாயால் சொல்லி அவரை விடுவித்துவிட்டேன். வாயால் சொன்னது போதாது, 25 வரை அவர் அரசு ஊழியர்தான் என்றார் நீதிபதி.

சரி, அந்த நாட்களில் இந்திரா வேட்பாளரா? மனு தாக்கல் செய்தது பிப்ரவரி 1-இல்தானே? இங்கேதான் பத்திரிகை வருகிறது. 1970 டிசம்பர் 29 அன்று டெல்லியில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. ரேபரேலியை விட்டுவிட்டு குர்கானுக்கு மாறப்போகிறீர்களாமே என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று சுருக்கமாகச் சொன்னார் இந்திரா. அந்தப் பதிலைக் கொண்டே, அன்றைக்கே அவர் தன்னை வேட்பாளராகக் காட்டிக்கொண்டார் என்று முடிவு செய்தது நீதிமன்றம்.

யோசித்துப் பாருங்கள். நிருபர் கேட்ட ஒரு கேள்விக்கு வந்த ஒரு பதில். உதவியாளர் ஒருவருக்கு வாயால் கொடுத்த ஒரு அனுமதி. ஒரு பிரதமரின் பதவி இந்த இரண்டு வாய்ச்சொற்களில் ஆட்டம் கண்டது. இவ்வளவு சின்னக் குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அவர்கள் செய்த வைத்தியம்தான் விவகாரம்.

டெஸ்ட்டை மாற்றியவர்கள்

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டெஸ்ட் ஃபெயில் ஆனால் புரோகிராமைத் திருத்தாமல் டெஸ்ட்டைத் திருத்திவிடுவது. 1975 ஆகஸ்டில் தேர்தல் சட்டத்துக்கு நடந்தது அதுதான். மனு தாக்கல் செய்த பிறகுதான் ஒருவர் வேட்பாளர். கெஜட்டில் எந்தத் தேதியிலிருந்து ராஜினாமா என்று போட்டிருக்கிறதோ அதுவே முடிவான சான்று. இரண்டும் முன்தேதியிட்டு நடந்து முடிந்த தேர்தலுக்கும் பொருந்தும். நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் இந்திராவின் வெற்றியை உறுதி செய்தபோது இந்தத் திருத்தம்தான் கைகொடுத்தது.

இது காகிதத்தில் நடந்தது. காகிதமே இல்லாமல் நடந்ததை ஷா கமிஷனில் பார்க்க வேண்டும்.

ஜூன் 25 இரவு எமர்ஜென்சி பிரகடனத்தைக் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவிடம் கையெழுத்துக்கு எடுத்துப் போனவர் ஆர்.கே.தவான். பிரதமரின் உதவியாளர், யஷ்பால் கபூரின் உறவினர். அமைச்சரவைக்கு விஷயம் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் தெரிந்தது. அதே இரவில் டெல்லிப் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்வாரிய மேலாளருக்குத் துணைநிலை ஆளுநரிடமிருந்து வந்தது எழுத்து அல்ல, வாய்மொழி உத்தரவு. இரண்டு நாளில் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் குஜ்ரால் மாற்றப்பட்டு வி.சி.சுக்லா வந்தார். அதன்பின் தணிக்கையின் பெரும்பகுதி டெலிபோனில் நடந்தது. 1976 மே மாதம் கிஷோர் குமார் பாடல்கள் ஆகாசவாணியிலிருந்து காணாமல் போயின.

இதில் ஹக்சரின் கதை தனி. அவருடைய வாய்ச்சொல்லை நீதிமன்றம் ஏற்காததால்தான் இவ்வளவும் தொடங்கியது. எமர்ஜென்சி வந்ததும் கன்னாட் பிளேஸில் இருந்த பண்டிட் பிரதர்ஸ் என்ற அவர் உறவினர்களின் கடையில் சோதனை நடந்து, வயதான உறவினர்கள் கைதானார்கள். அப்போது அவர் திட்டக் குழுவின் துணைத் தலைவர்! அந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். இதற்குப் பத்து மாதம் முன்பு, 1974 ஆகஸ்ட் 9-இல் நிக்சன் பதவி விலகினார். அவரும் அவருடைய உதவியாளர்களும் பத்திரிகைகளை எப்படிச் சமாளிப்பது என்று அறைக்குள் பேசியது டேப்பில் இருந்தது. உச்ச நீதிமன்றம் கேட்டது, கொடுக்க வேண்டியதாயிற்று. அவரை வீழ்த்தியது அவரே வைத்திருந்த பதிவு. அதற்கு நேர் எதிராக, நம் ஊரில் உத்தரவு இறங்கிய வழியெங்கும் பதிவு இல்லை. கேட்டால், மேலே சொன்னார்கள் என்பார்கள். மேலே இருந்தவரோ கமிஷன் முன் சத்தியப்பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்லவே மறுத்துவிட்டார்.

என் விமர்சனம்

பூஷண் புத்தகத்தின் பலம் அதன் துல்லியம். எந்தத் தேதி ஏன் முக்கியம் என்று சாதாரண ஆளுக்கும் விளங்கும். வழக்கை வீட்டிலிருந்தே பார்த்தவர் அவர். ராஜ் நாராயணின் வக்கீல் சாந்தி பூஷண் அவருடைய அப்பா. அந்தச் சார்பை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் என் குறை அது இல்லை. புத்தகத்தின் கண் நீதிமன்றத்தை விட்டு நகர்வதில்லை. ஹக்சர் அங்கே ஒரு சாட்சி, கபூர் ஒரு பிரச்சினைப் புள்ளி, அவ்வளவுதான். உதவியாளர் என்ற பதவியே எதற்காக என்ற கேள்வி எழுவதில்லை.

ஷா அறிக்கை அந்தக் கேள்விக்கு அருகில் வருகிறது. ஆனால் அத்துமீறல் அத்துமீறலாகப் பிரித்து எழுதியிருப்பதால், எல்லாவற்றிலும் ஒரே முறை ஓடுவதை வாசகர்தான் கோத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தலைவர் விரும்புவதைத் தலைவரின் வார்த்தையாக இல்லாமல் கீழே கொண்டு சேர்ப்பதுதான் அந்த உதவியாளர்களின் வேலை. 1971-இல் வாய்ச்சொல் அவர்களைக் காப்பாற்றவில்லை. இனிமேல் எழுதி வைப்போம் என்பதை அதிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டிருக்கலாம். கற்றது வேறு: நமக்கு வேண்டிய தேதியை கெஜட்டில் போடுவோம், மற்றதை போனில் சொல்வோம்.

இதை இவ்வளவு உறுதியாக எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடம் முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு போன் வந்தது. "இப்பவே போட்டுடுங்க, அப்ரூவல் நான் பாத்துக்கறேன்." நான் என் டீமில் இருந்த ஒரு சின்னப் பையனிடம் அதே மாதிரி போனில் சொன்னேன். அவன் போட்டான். சனிக்கிழமை வாடிக்கையாளரின் கணக்குகள் குழம்பிப்போயின. திங்கட்கிழமை விசாரணைக்கு ஆவணம் வேண்டுமென்றபோது வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு ஒரு கோரிக்கையை எழுதியவன் நான்தான். அதில் கேட்டவர் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. செய்தவன் பெயர் மட்டும் இருந்தது. எச்சரிக்கைக் கடிதம் அவனுக்குத்தான் போனது.

என்னை யாரும் தவழச் சொல்லவில்லை. குனியக்கூடச் சொல்லவில்லை. ஒரு தேதியைப் போடச் சொன்னார்கள், போட்டேன். அதனால் அந்தப் பிரபல வாசகத்தைக் கேட்கும்போது, பத்திரிகைக்காரர்களை நோக்கி விரல் நீட்டக் கை வரமாட்டேன் என்கிறது. இதை எழுதுவதற்கு முன் அந்தப் பையனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "தெரியும்ண்ணே, அப்பவே தெரியும்" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. பிறகு அவனிடம் சொன்ன அத்தனையையும் மெயிலிலும் எழுதி அனுப்பினேன், அன்றைய தேதியோடு.

ஒரு வேண்டுகோள். 1975-77-இல் தமிழ்நாட்டுப் பத்திரிகை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பார்கள். போனில் யார் பேசினார், என்ன சொன்னார், எந்தச் செய்தி எடுக்கப்பட்டது என்று நினைவிருக்கும் வரை எழுதி வையுங்கள். தேதி சரியாக நினைவில்லை என்றால் தோராயமாகப் போடுங்கள், ஆனால் தோராயம் என்றும் போடுங்கள். தினமணி வாசித்துவிட்டு மழை பற்றிப் பேசிய எங்கள் டீக்கடைக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.