பெயரிலேயே பக்குவம்

ஆனைக்குட்டம் அணைப் பக்கத்துக் கரிசலில் வெயில் உறைக்குமுன் கம்மங்கூழ் குடித்துவிட வேண்டும். முந்தின நாள் காய்ச்சி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தது. காலையில் பானை மூடியைத் திறந்தால் புளிப்பு வாசம் எழும். ராத்திரி புழுக்கமென்றால் அது தூக்கலாக இருக்கும். பனி பெய்திருந்தால் வெட்கப்பட்டு ஒளிந்திருக்கும். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கும்போதெல்லாம் எனக்குப் பியர் ஞாபகம் வரும்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்து லாம்பிக் பியருக்கும் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கொதித்த தானியச் சாற்றை அகலத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்துவைப்பார்கள். காற்றில் வருவது வந்து குடியேறும். அதுவும் குளிர்காலத்தில் மட்டுந்தான். கோடையில் வைத்தால் வேண்டாத விருந்தாளிகள் முந்திக்கொள்வார்கள்.

கூழுக்கும் பியருக்கும் நடுவில் நிற்பது ஒரு முளை. தானியம் முளைவிட்டால் அதன் மாவு சர்க்கரையாகும். சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் போதையைத் தரும். முளையை இளஞ்சூட்டில் உலர்த்தினால் பொன்னிறப் பியர். கருக வறுத்த தானியம் சேர்ந்தால் காப்பிக் கசப்போடு ஸ்டௌட். கூழுக்கு முளை கிடையாது. அங்கே லாக்டிக் பாக்டீரியா புளிப்பை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த முளை வித்தை நமக்கும் தெரிந்திருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் ஒரு முழுச் செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற பிழாவில் ஆறவைத்து, முளை இடித்துச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அதே பாட்டில் வேறோர் இடத்தில் வீட்டிலேயே நெல்லில் ஆக்கிய கள் வருகிறது. அதன் பெயர் தோப்பி.

எனக்குப் பெரிய சுகம் அந்தப் பெயர்களில்தான். அரித்து எடுத்தது அரியல். பிழிந்தது பிழி. தெளிந்தது தேறல், மூங்கில் குழாயில் நெடுநாள் விளைந்த தேன் தேறலைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. செய்தவர் கை என்ன செய்ததோ, அதுவே பெயர். ஜெர்மன்காரரும் அப்படித்தான்: குளிர்ந்த நிலவறையில் போட்டுவைத்ததால் லாகர். 1842இல் பொன்னிற லாகர் பிறந்த பில்சன் ஊர், அதற்குத் தன் பெயரையே கொடுத்தது. அந்த ஊர்த் தண்ணீரின் மென்மைக்கும் அந்தச் சுவையில் பங்குண்டு.

நம் பெயர்கள் இன்று அகராதியில் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் வீட்டில் மது ஆக்குவது குற்றம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டந்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. பனை நிறைந்த இந்தச் சீமையில் கள் இறக்கவும் தடை. நான் சட்டத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. கடையில் விற்கும் பாட்டிலைப் பார்த்து ‘ஸ்ட்ராங்கா, லைட்டா’ என்று மட்டும் கேட்கிறோமே, அந்த ஏழ்மைதான் உறுத்துகிறது.

கூழ் உருண்டை கரைத்தது போக, பானையில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். எங்கள் பக்கம் அது ‘புளிச்ச தண்ணி’. ராத்திரி அந்தப் பானைக்குள் நடந்ததை அப்படியே சொல்லும் பெயர். உப்புப் போட்டு அதையும் குடித்துவிடுவோம்.