ஆட்டக்காரருக்கு ஒட்டும் பெயர்கள்: எது நிற்கும், எது உதிரும்?

வீடியோ கேம் ஆடுவோரை வகை பிரிக்கும் பெயர்களில் இரண்டு இனம் உண்டு. சாதிப்பவர், கேஷுவல், ஹார்ட்கோர், கேம்பர் போன்றவை ஆளின் சுபாவத்தைச் சொல்கின்றன. கேரி, சப்போர்ட், டேங்க், ஐ.ஜி.எல். (களத்தில் அணியை வழிநடத்துபவர்) போன்றவை ஆட்டத்தில் அவர் ஏற்றிருக்கும் வேலையைச் சொல்கின்றன. இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் உண்டா என்ற கேள்விக்கு இரண்டு இனத்துக்கும் ஒரே பதில் கிடையாது. வேலையைச் சொல்லும் பெயர், அந்த ஆட்டத்தின் விதிகள் மாறாத வரை நிற்கும். சுபாவத்தைச் சொல்லும் பெயர் அவ்வளவு தூரம்கூடத் தாங்குவதில்லை.

சுபாவப் பெயர்களில் அதிகம் புழங்குவது ரிச்சர்ட் பார்ட்டிலின் நால்வகைப் பாகுபாடு. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் ராய் ட்ரப்ஷா தொடங்கி, பார்ட்டில் சேர்ந்து வளர்த்த 'மட்' என்ற ஆட்டத்தில் படமே கிடையாது. எல்லாமே எழுத்துதான். எந்தத் திசையில் நடப்பது, எந்தப் பொருளை எடுப்பது என்பதைத் தட்டச்சு செய்தே ஆட வேண்டும். ஆனால் பல பேர் ஒரே உலகத்துக்குள் ஒரே நேரத்தில் உலவ முடிந்தது. அதன் அடுத்த வடிவத்தை ஆடிக்கொண்டிருந்த மூத்த ஆட்டக்காரர்களிடையே, இந்த ஆட்டத்திலிருந்து ஆளுக்கு என்ன வேண்டும் என்று 1989 நவம்பரில் ஒரு விவாதம் கிளம்பியது. அது ஆறு மாதம் நீடித்தது. முழுமூச்சாகப் பேசியவர்கள் ஏறத்தாழ 15 பேர், அவ்வப்போது கருத்துச் சொன்னவர்கள் இன்னொரு 15 பேர். அந்த வாதங்களைத் தொகுத்து பார்ட்டில் 1996-ல் வெளியிட்ட கட்டுரையில்தான் நான்கு வகைகளும் சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களோடு வந்தன. புள்ளியும் புதையலும் சேர்க்கும் சாதிப்பவர் டைமன். உலகத்தைத் தோண்டித் துருவுபவர் இஸ்பேட். மற்றவர்களோடு பழகுவதற்காக வருபவர் ஆர்ட்டின். மற்றவர்களைத் தாக்குவதில் சுகம் காணும் கொல்பவர் கிளாவர்.

இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதியைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள். ஆளைப் பெட்டியில் அடைப்பது பார்ட்டிலின் நோக்கமாக இருக்கவில்லை. ஒரு உலகத்தில் எந்த வகையினர் பெருகினால் எந்த வகையினர் குறைவார்கள் என்பதுதான் அவர் கவலை. கொல்பவர்கள் கூடினால் பழக வந்தவர்கள் வெளியேறுவார்கள். சாதிப்பவர்கள் குறைந்தால் கொல்பவர்களுக்கு இரை குறையும். ஆட்டத்தை நடத்துபவர் இந்தச் சமநிலையை எப்படிக் காப்பது என்று அவர் யோசித்தார். அந்த அளவில் நான்கு பெயர்களும் நல்ல கருவிகள். ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச உருவான பெயர்களைத் தனி ஒருவரின் நெற்றியில் ஒட்டியபோதுதான் கோளாறு வந்தது.

அந்த ஒட்டும் வேலையைச் செய்தது பார்ட்டிலின் பெயரைத் தாங்கிய கேள்வித்தாள். அதை உருவாக்கியவர்கள் எர்வின் ஆண்ட்ரியாசனும் பிராண்டன் டௌனியும், பார்ட்டில் அல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு விடைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். புதையல் பிடிக்குமா, புது இடம் பிடிக்குமா என்று கேட்டால், இரண்டுமே பிடிக்கும் என்று சொல்ல வழியில்லை. ஒன்றுக்கு மதிப்பெண் ஏறினால் மற்றொன்றுக்கு அது கிடைக்காது. நான்கு வகைகளும் சேர்ந்து மொத்தம் 200 விழுக்காடு என்று கணக்கு வேறு. வகைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை இந்தத் தேர்வு கண்டுபிடிக்கவில்லை, தொடக்கத்திலேயே ஊகித்துக்கொண்டது. ஆனாலும் தேர்வை எழுதியவர்கள் முடிவைப் பார்த்து 'இது நானேதான்' என்று மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி சான்று ஆகாது. 1948-ல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரே வாசகங்களைத் தனித்தனி ஆளுமை அறிக்கை என்று சொல்லிக் கொடுத்தார். அறிக்கை தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண், ஐந்துக்கு நான்குக்கும் மேல்.

பார்ட்டிலின் பாகுபாட்டை எண்களால் உரசிப் பார்த்தவர் ஆய்வாளர் நிக் யீ. இணையவழிப் பெருங்கூட்ட ஆட்டங்களை ஆடும் 3,000 பேரிடம் கேள்வி கேட்டு, எந்த விடைகள் சேர்ந்தே வருகின்றன என்று ஆராய்ந்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார். கிடைத்தவை நான்கு வகை ஆட்கள் அல்ல, பத்து வகை ஈடுபாடுகள். அவை சாதனை, சமூகம், ஆழ்ந்துபோதல் என்ற மூன்று தலைப்புகளில் அடங்கின. இங்கே கவனிக்க வேண்டியது, பார்ட்டிலின் இஸ்பேட் இரண்டாக உடைந்துபோனதுதான். புது இடங்களைத் தேடிப் போகும் ஆர்வம், கதைமாந்தராக வாழும் ஆசையோடு சேர்ந்து ஆழ்ந்துபோதலில் விழுந்தது. ஆட்டத்தின் கணக்குகளைப் பிரித்து ஆராயும் ஆர்வமோ சாதனைப் பக்கம் போனது. அதோடு, மற்றவர்களோடு மோதும் ஆசையும் முன்னேறும் ஆசையும் அதே சாதனைத் தலைப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. ஓர் ஈடுபாடு கூடினால் மற்றொன்று குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஒருவர் மூன்றிலும் உச்சத்தில் இருக்கலாம், மூன்றிலும் அடியில் இருக்கலாம். சாதனை ஆசையில் காணும் வேறுபாட்டை ஆண், பெண் என்ற பிரிவைவிட வயதே அதிகம் விளக்கியது. அப்படியானால், 20 வயதில் ஒட்டும் பெயர் 40 வயதிலும் பொருந்தும் என்று எண்ணுவது துணிச்சல்தான்.

சொல்வதை விட்டுவிட்டுச் செய்வதை அளந்தால் என்ன என்ற வழியும் உண்டு. 'டோம்ப் ரெய்டர்: அண்டர்வேர்ல்ட்' ஆட்டத்தை முடித்த 1,365 பேரின் பதிவுகளை 2009-ல் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். எத்தனை முறை செத்தார்கள், எதனால் செத்தார்கள், எவ்வளவு நேரம் எடுத்தார்கள், எத்தனை முறை குறிப்பு கேட்டார்கள் என்பவற்றைக் கணினியிடம் கொடுத்தபோது நான்கு கூட்டங்கள் திரண்டன. இந்தக் கூட்டங்களுக்கு அடியில் கெட்டியான தரை இருக்கிறது. ஆனால் அந்தத் தரை அந்த ஒரு ஆட்டம் மட்டுமே. பள்ளத்தில் விழுந்து சாவது கணக்கில் வந்ததற்குக் காரணம், அது தாவி ஏறும் ஆட்டம் என்பதுதான்.

கேஷுவல், ஹார்ட்கோர் என்ற ஜோடி இவற்றைவிடப் பலவீனமானது. 'கேண்டி க்ரஷ்' ஆயிரக்கணக்கான படிகள் கொண்ட ஆட்டம். அதை வருடக்கணக்கில் தினமும் ஆடி ஏறியவர் கேஷுவல், வாரக்கடைசியில் ஒரு மணிநேரம் துப்பாக்கி ஆட்டம் ஆடுபவர் ஹார்ட்கோர் என்றால், அந்தச் சொற்கள் நேரத்தையும் அளக்கவில்லை, திறமையையும் அளக்கவில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு போடத்தான் பயன்படுகின்றன. அது வகைப்பாடு ஆகாது. ஓரிடத்தில் பதுங்கி உட்காருபவரைத் திட்டும் கேம்பர் என்ற வசையும் இதே ரகம். பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கி ஆட்டத்தில் ஜோன், அதாவது உயிரோடு இருக்க உள்ளே நிற்க வேண்டிய வட்டம், தங்கள் பக்கமே விழுந்தால் ஒரு ஸ்குவாட் காம்பவுண்டைப் பிடித்து உட்காரும். ஜோன் தள்ளி விழுந்தால் அதே ஸ்குவாட் ரஷ் அடித்தே உள்ளே வர வேண்டும். முதல் மேட்ச் மட்டும் பார்த்தவருக்கு அவர்கள் கேம்பர்கள். அடுத்த மேட்ச் மட்டும் பார்த்தவருக்கு அவர்கள் ரஷ் ப்ளேயர்கள்.

தொழில்முறைப் போட்டிகளில் வழங்கும் பெயர்கள் வேறு அடித்தளத்தில் நிற்கின்றன. 'டோட்டா 2'-வில் ஐவரையும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிட்டு அழைப்பார்கள். களத்தில் கிடைக்கும் தங்கத்தில் முதல் உரிமை யாருக்கு என்பதே அந்த எண். ஒன்றாம் எண் கேரி, தங்கத்தைச் சேர்த்துப் பின்பாதியில் ஆட்டத்தைச் சுமப்பவர். ஐந்தாம் எண் சப்போர்ட், தன் பங்கை விட்டுக்கொடுப்பவர். தங்கத்துக்கு அளவு இருப்பதால் இந்தப் பங்கீடு தேவைப்படுகிறது, தேவைப்படுவதால் பெயர்களுக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் பெயர் வேலைக்குத்தான், ஆளுக்கோ அவர் ஆடும் பாத்திரமான ஹீரோவுக்கோ அல்ல. அதை ஓஜி அணி இருமுறை காட்டியது. 2018-ல் வீரர்கள் சிலர் விலகிய நிலையில், பயிற்சியாளராக இருந்த செப் களத்தில் இறங்கினார். அந்த அணி அந்த ஆண்டே டோட்டா 2-வின் உலகப் போட்டியான 'தி இன்டர்நேஷனல்' பட்டத்தை வென்றது. மறு ஆண்டு ஷாங்காயில், மூன்று கோடியே நாற்பது லட்சம் டாலரைத் தாண்டிய பரிசுத்தொகைக்கு நடந்த போட்டியில், ஓஜியின் கேரி வீரர் அனா, 'ஐயோ' என்ற ஹீரோவை எடுத்தார். கைகால் இல்லாத ஒளிப்பந்து அது. கூட்டாளியோடு ஒரு கயிற்றால் தன்னைப் பிணைத்துக்கொண்டு உதவுவதே அதன் பிழைப்பு, சப்போர்ட் என்றே எல்லோரும் எழுதி வைத்திருந்த ஹீரோ. அதற்குத் தங்கத்தைக் கொட்டிக் கேரியாக்கினார்கள். இறுதியில் டீம் லிக்விடை 3-1 என்று வென்று, அந்தப் பட்டத்தை அடுத்தடுத்து இருமுறை வென்ற முதல் அணியானது ஓஜி.

ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனமே பெயரை மாற்றும்போது நிலைமை இன்னும் தெளிவாகிறது. 'ஓவர்வாட்ச்' 2016-ல் வந்தபோது ஹீரோக்கள் தாக்குதல், தற்காப்பு, அடியைத் தாங்கி முன்னே நிற்கும் டேங்க், சப்போர்ட் என்று நான்கு வகை. தற்காப்பு என்று குறிக்கப்பட்டவர்களைத் தாக்குவதற்கும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். 2018-ல் முதல் இரண்டும் இணைக்கப்பட்டு மூன்றே வகை ஆயின. பிறகு மூன்று டேங்க், மூன்று சப்போர்ட் என்று ஆறு பேரையும் நிரப்பும் 'கோட்ஸ்' வியூகம் தொழில்முறைப் போட்டிகளை ஆண்டது. தாக்குதல் வீரர்களுக்கு வேலையே இல்லாமல் போனது. சான் பிரான்சிஸ்கோ ஷாக் அணியின் தாக்குதல் வீரரான சினாட்ரா, 2019 சீசனின் பெரும்பகுதியில் ஸார்யா என்ற டேங்க்கை ஆடி, அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அதே ஆண்டின் நடுவில் இரண்டு டேங்க், இரண்டு தாக்குதல், இரண்டு சப்போர்ட் என்று விதியே கட்டாயமாக்கியது. 2022-ல் ஓவர்வாட்ச் 2 வந்ததும் அணிக்கு ஐந்து பேராகக் குறைந்து, ஒரு டேங்க் வீரருக்கு இடம் போயிற்று. டேங்க் என்ற பெயர் அப்படியே இருக்க, அதன் வேலை மாறியது. முன்பு இருவர் பகிர்ந்த பொறுப்பு ஒருவர் தோளில் விழுந்தது.

பெயர் மாறாமல் ஆட்டம் மாறுவதற்குச் சான்றாக ஃபேக்கர் ஒருவரே போதும். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' உலகப் பட்டத்தை 2013 முதல் 2025 வரை ஆறு முறை வென்ற இந்தத் தென்கொரிய வீரர் எப்போதும் மிட் லேனர்தான். 2013-ல் கொரியப் போட்டியின் இறுதியில் ஸெட் என்ற கொலையாளி ஹீரோவை வைத்து, எதிராளி ரியூவின் ஸெட்டை ஒற்றைக்கு ஒற்றை வீழ்த்திப் பேர் வாங்கினார். 2024 உலகக் கோப்பை இறுதியின் ஐந்தாவது ஆட்டத்தில் அவர் எடுத்தது காலியோ, கூட்டாளிகள் சண்டையில் இருக்கும் இடத்துக்குப் பறந்து வந்து காக்கும் ஹீரோ. மிட் லேனர் என்ற பெயர் அவர் நிற்கும் பாதையைச் சொல்லும். அந்தப் பாதையிலிருந்து அவர் எப்படி ஆட்டத்தை வெல்கிறார் என்பதைச் சொல்லாது. அதற்கு எந்தப் பதிப்பு, எந்த ஹீரோ, எதிரே யார் என்பவற்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பெயர் வேலைக்குத்தான், ஆளுக்கு அல்ல என்பதை ஏற்றுக்கொண்டது போல, ஓவர்வாட்ச் 2019-லிருந்து ஒரே ஆட்டக்காரருக்கு டேங்க்குக்கு ஒன்று, தாக்குதலுக்கு ஒன்று, சப்போர்ட்டுக்கு ஒன்று என்று மூன்று தனித் தரவரிசைகளைத் தருகிறது.