மலை ரயிலின் மேல் ஒரு மெய்ஞ்ஞானப் பாட்டு

திரைப்பாடலை ஆராய்வது இலக்கிய ஏட்டுக்கு ஏற்றதாமோ என்று அன்பர் சிலர் புருவம் நெறிக்கக் கூடும். அவர்கட்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானி முடித்தளித்த 'கிதாபுல் அகானீ' என்னும் பெருநூல், பாடல்களைப் பற்றிய நூலேயாகும். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற நூறு பாடல்களை அடிப்படையாகக் கொண்டு தொடங்கும் அந்நூல், பாட்டை இயற்றியவர் யார், பண் அமைத்தவர் யார், தாளம் யாது என்று குறித்த பின்னர், அப்பாட்டின் பின்னுள்ள வரலாற்றையும் விரித்துரைக்கிறது. தமிழிலும் கல்கி அவர்கள் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதி, இசை விமரிசனத்தைப் பொது வாசகர் விரும்பிப் படிக்கும் கலையாக்கினார். எனவே, பாட்டை ஆராய்தல் இழிந்த தொழிலன்று; அரைகுறையாய் ஆராய்தலே இழுக்கு.

குன்னூரில் நம்மிடம் அரபி பயிலும் இளைஞர் ஒருவர், "ஹஜ்ரத், மலை ரயிலின் மேல் ஆடுகிறார்களே, அந்தப் பாட்டை முணுமுணுப்பது குற்றமாகுமா?" என்று ஒருநாள் வினவினார். உடனே விடை கூறாமல், அப்பாட்டைப் பற்றிய பத்திகள் சிலவற்றைத் தேடிப் படித்தோம். 1998-இல் வெளியான மணிரத்னத்தின் 'தில் சே' படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'சைய்ய சைய்யா' என்னும் பாட்டு அது; தமிழில் 'உயிரே' படத்தில் 'தையா தையா' என்று ஒலித்தது. 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் ஓடத் தொடங்கி, 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமென யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட நமது நீலகிரி ரயிலின் கூரைமீது அது படமாக்கப்பட்டது. ஓடும் வண்டியின் மேல் ஆடிய துணிவையும், 2006-இல் 'இன்சைட் மேன்' என்னும் அமெரிக்கப் படம் இப்பாட்டுடன் தொடங்கியதையும் பத்தி எழுத்தாளர்கள் வியந்து வியந்து எழுதுகின்றனர். 'பாட்டு எங்கிருந்து வந்தது?' என்னும் கேள்விக்கோ ஒரு வரியோடு நின்றுவிடுகின்றனர்.

அந்த ஒரு வரியிலிருந்தே விமரிசனம் தொடங்கியிருத்தல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சாபி ஸூஃபிக் கவிஞர் புல்லே ஷா (ரஹ்) அவர்களின் பாட்டொன்றில் இதன் வேர் உள்ளது. தம் ஞானகுரு ஷா இனாயத் (ரஹ்) அவர்களின் மனத்தாங்கலுக்கு ஆளாகிய அவர், உயர்குடிப் பெருமையை உதறி, ஆடற்பெண்டிரிடம் ஆடல் கற்று, குருவின் முன் ஆடி மன்னிப்புப் பெற்றார் என்பது வழிவழியாய் வழங்கும் வரலாறு. 'தையா' என்பது அந்த ஆட்டத்தின் காலடி ஓசை. இந்திப் பாட்டை இயற்றிய குல்ஸார் அதனைச் 'சைய்யா' என மாற்றி, நிழல் என்னும் பொருளை ஏற்றினார். நேசத்தின் நிழலையும் பாதத்தின் கீழுள்ள சுவனத்தையும் அவர் இணைத்துப் பாடுங்கால், அர்ஷின் நிழல் பெறும் எழுவருள் அல்லாஹ்வுக்காக நேசித்த இருவரும் உளர் என்னும் நபிமொழியும், அன்னையின் காலடியில் சுவனம் உண்டென்னும் நபிமொழியும் நம் செவியில் எதிரொலிக்கின்றன. தமிழ்ப் பாட்டில் வைரமுத்து 'தையா'வையே வைத்துக்கொண்டார். எனவே இந்தியில் நிழல் வந்தது, காலடி மறைந்தது. தமிழில் காலடி மீண்டது, நிழல் மறைந்தது. இரு மொழியையும் ஒப்பிட்டுக் கேட்பார்க்கன்றோ இந்நயம் புலனாகும்!

இறைக்காதலை மகளிர்பால் கொண்ட காதலாக்கிவிட்டனர் என்று குறை கூறுவோரும் உளர். அக்குறையை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. மெய்ப்பொருளையே 'மனோன்மணி' என்னும் நங்கையாக விளித்துக் கண்ணி பாடிய குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்களின் தமிழ் நம் கையிலிருக்க, அம்மரபை நாமே மறுக்கலாமோ? உண்மையான இழப்பு வேறொன்று. புல்லே ஷாவின் ஆட்டத்தில் ஆடுபவர் தம் மானத்தை விலையாகக் கொடுக்கிறார். ரயிலின் மேல் ஆடும் நாயகனோ எதனையும் இழக்கவில்லை, களிக்கிறான், அவ்வளவே. 'நான்' என்பது அழிந்த இடத்தில் பிறந்த தாளம், 'நான்' கொண்டாடப்படும் இடத்தில் ஒலிக்கிறது. பத்தி எழுத்தாளர் கண்டு சொல்லியிருக்க வேண்டியது இதுவே. அகானீயின் ஆசிரியர் கைக்கொண்ட வழியில், பாட்டின் பின்னுள்ள கதையையும் பாட்டோடு வைத்து நோக்கியிருந்தால், இது தப்பியிராது.

இசை, உள்ளத்தில் இல்லாததைப் புகுத்துவதில்லை; இருப்பதையே கிளறுகிறது என்பது, 'இஹ்யா'வில் இசை கேட்டலின் ஒழுக்கம் பற்றித் தனிப் பகுதியே வரைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து. அதனையே அவ்விளைஞருக்கு விடையாக உரைத்தோம். "உன் நெஞ்சில் இருப்பதைப் பொறுத்தது, தம்பி! அதற்கு முன் புல்லே ஷா ஏன் ஆடினார் என்பதை அறிந்துகொள்" என்றோம். மறுவாரம் அவர் கையில் குணங்குடியார் பாடற்றிரட்டு இருக்கக் கண்டோம். ஒரு பாட்டைப் பற்றி எழுதும் பத்தி, வாசகரை அந்தப் பாட்டோடு நிறுத்தாமல் அதன் ஊற்றுக்கண் வரை அழைத்துச் செல்லுமாயின், அதுவே விமரிசனம். ஏனையவை வெறும் விளம்பரம்.