புளியந்தோப்பு மாடியில் மோட்டார் தொலைநோக்கி

புளியந்தோப்பில் வெறும் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். கிழக்கே துறைமுக விளக்குகள், தெற்கே பேசின் பிரிட்ஜ் யார்டின் வெளிச்சம். இந்த வானத்துக்கு மோட்டார் வைத்த தொலைநோக்கி எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். மாசி மாத இரவொன்றை மொட்டைமாடியில் அதனோடு கழித்துவிட்டுச் சொல்கிறேன்: இருட்டான ஊர்க்காரரைவிட நமக்குத்தான் மோட்டார் அவசியம். காவலூர் மலையில் ஒரு விண்மீனிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவியே தேடும் பொருளைப் பிடித்துவிடலாம். இங்கே தாவ நடுவில் விண்மீனே தெரியாது.

இரவல் வாங்கிய கருவி 130 மி.மீ. ஆடியும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டன் வகை. 25 மி.மீ. கண்வில்லையில் 26 மடங்கு, 9 மி.மீ. வில்லையில் 72 மடங்கு பெரிதாகத் தெரியும். ஊர், தேதி, நேரம் கொடுத்து மூன்று பிரகாசமான விண்மீன்களைக் காட்டிவிட்டால், மற்றவற்றின் இடத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. தேதியில் மாதம் முன்னே, நாள் பின்னே. அதை மாற்றிப் போட்டதில் அரை மணி நேரம் போனது. சென்னையில் துருவ மீன் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அதை மறைத்துவிட்டது. நல்லவேளை, இந்த வகைக்கு அது தேவையில்லை. சிரியஸ், தெற்கே அகத்தியர் மீன், வடக்கே கபெல்லா போதும்.

முதலில் தலைக்கு மேலே மிதுனத்தில் இருந்த வியாழன். இரண்டு பட்டைகள், வரிசையாக நிலாக்கள். செய்தி பரவி மாடியில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மோட்டாரின் அருமை புரிந்தது அப்போதுதான். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. 72 மடங்கில் வியாழன் மூன்று நிமிடத்துக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும். இங்கே கடைசிச் சிறுமி எட்டிப் பார்த்தபோதும் அது நடுவிலேயே நின்றது.

"கார்த்திகை மீனு இதுல தெரியுமாப்பா?" என்றார் கீழ்வீட்டு ஆயா. கருவியின் பட்டியலில் கார்த்திகை இல்லை, எம் 45 இருக்கிறது. பொத்தானை அழுத்தினேன். 26 மடங்கில் கூட்டம் முழுதும் ஒரே வட்டத்துக்குள் அடங்கியது. ஆறு மீன் என்று கேட்டு வளர்ந்தவர், வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

மிருகசீரிட நெபுலா மெல்லிய புகையாகத் தெரிந்தது. அதன் நடுவே நான்கு சிறு விண்மீன்கள் கூர்மையாக. ஆனால் எம் 81 திரளைக் கேட்டபோது கருவி சரியாகத் திரும்பி, வந்துவிட்டேன் என்று பீப் ஒலித்தது. உள்ளே சாம்பல் நிறம் மட்டும். மோட்டார் இடம் காட்டும், வானத்தை இருட்டாக்காது. பட்டியலில் ஆயிரக்கணக்கில் இருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள்.

பென்சில் பேட்டரிகள் சீக்கிரம் தீர்ந்தன; 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக வேண்டும். பகலெல்லாம் காய்ந்த தளத்தின் வெக்கையில் பிம்பம் நெளிந்தது. ஒரு குடம் தண்ணீர் தெளித்தபின் கொஞ்சம் தேவலை. பெரிய குறை முக்காலி. சரக்கு ரயில் போகும்போதெல்லாம் வியாழன் குதித்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தார் 1792-லேயே கருவிக்குக் கருங்கல் தூண் நட்டது ஏன் என்று அப்போது விளங்கியது. அந்தத் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

அந்த வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் கண்டுபிடித்தது ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீன். ஒன்பது மணிக்கு அதன் ஆயங்களை எண்களாகவே கொடுத்தேன். குழாய் தாழ்ந்து, தெற்கே சற்று மேற்காக, நுங்கம்பாக்கம் பக்கமாகவே திரும்பி நின்றது. நகர வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. அது பல மாதச் சுழற்சியில் மங்கிப் பிரகாசிக்கும். பிரகாசமாகும் மாதம் பார்த்து மறுபடி மாடியேறுவேன். முக்காலிக்கு அடியில் வைக்க சைக்கிள் டியூப் துண்டுகள் வெட்டி வைத்திருக்கிறேன்.